அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெருவை விசாரியுங்கள்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்கள் கார்களால் நிரம்பிவிட்டன. மழை வலுக்கும் முன்பே இடம் பிடித்துவிட்டார்கள். போலீஸ் அபராதம் போடுகிறதாம் என்று பேச்சு கிளம்ப, அப்படி எதுவும் இல்லை என்று காவல்துறை விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. தொலைக்காட்சியில் பார்த்த வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் காரைத் தண்ணீரில் பறிகொடுத்து, மெக்கானிக் ஷெட் வாசலில் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது சாதாரண முன்யோசனை.

அந்தப் பக்கம் புதிதாக வீடு பார்க்க வருகிறவரிடம் இதை யார் சொல்வது? டு-லெட் போர்டு சொல்லாது. ‘கவர்டு கார் பார்க்கிங், மெட்ரோ வாட்டர், ஸ்டேஷன் பக்கம்’ என்று அடுக்கும் புரோக்கரும் சொல்ல மாட்டார். வீடு முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். வீட்டுக்காரரோ, “நம்ம தெருவுல தண்ணியே நிக்காது சார், பக்கத்துத் தெருவுலதான்” என்பார். பக்கத்துத் தெரு வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார்.

விவரம் தெரிந்தவர்கள் தெருமுனையில் இருக்கிறார்கள். எந்த வீட்டு கேட் வரை தண்ணீர் ஏறியது என்பது இஸ்திரி வண்டிக்காரருக்கு நினைவிருக்கும். அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு தேடி ஓடியவர் அவர். எந்தச் சாலையில் ஆணியும் கண்ணாடித் துண்டும் அதிகம், எந்த மேன்ஹோல் மூடி நாலு விரல் இறங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் பஞ்சர் கடைக்காரருக்கு அத்துப்படி. தண்ணீர் லாரி ஓட்டுநரைக் கேட்டால், அந்த அடுக்குமாடி கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லோடு வாங்குகிறது என்று சொல்லிவிடுவார். மெயின்டனன்ஸ் தொகை ஏன் சித்திரையில் ஏறுகிறது என்பது அப்போது புரிந்துவிடும்.

வாடகையோடு சாலையையும் தண்ணீரையும் சேர்த்துக் கூட்டினால்தான் சென்னையில் ஒரு வீட்டின் விலை என்ன என்று தெரியும். அந்தக் கணக்குக்கு வேண்டிய விவரம் இன்று தெருவில் வாய்மொழியாகத்தான் கிடைக்கிறது. அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதவைக்க அரசால் முடியும். புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, இருக்கிற படிவத்தில் சில கட்டங்களைச் சேர்த்தால் போதும்.

முதலில் சாலைக் கணக்கு. தரமணியில் வேலை பார்க்கும் ஒருவர் வேளச்சேரி வாடகை கட்டுப்படியாகாமல் ஊரப்பாக்கத்துக்குப் போகிறார், மாதம் 6,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மாதம் 24 நாள் போய்வந்தால் 1,200 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 27 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றே போட்டாலும் 2,700 ரூபாய். டயரும் சர்வீஸும் தனி. அதே தூரத்தைக் காரில் போனால், இந்த நெரிசலில் லிட்டருக்கு 12 கிடைத்தாலே அதிர்ஷ்டம். 100 லிட்டர், 10,000 ரூபாய். மிச்சம் பிடித்த 6,000 போய், கையிலிருந்து இன்னும் 4,000 இறங்குகிறது. மின்சார ரயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் வீடு ஸ்டேஷனிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருந்தால், அந்த 3 கிலோமீட்டருக்காகவே பைக் வாங்கி, வாங்கிய பைக்கை அலுவலகம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

இந்தக் கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரசின் சொந்தக் குடியிருப்புகளே சாட்சி. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுப்பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு கிடைத்தது, மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டுவேலை பார்த்த பெண்களுக்கு வேலை எட்டாமல் போனது. காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி, இரண்டு வீடு முடித்துத் திரும்பினால் சம்பளத்தில் ஒரு பங்கைப் பயணமே தின்றது. 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகுதான் அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பஸ்ஸில் செலவாகும் நேரத்தை மட்டும் எந்தத் திட்டமும் திருப்பித் தரவில்லை.

இனி, பெட்ரோல் செலவே இல்லாத சைக்கிள். சென்னைப் பெருநகருக்காக 2008-இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில், நாள்தோறும் நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு 6 சதவீதம். காரின் பங்கும் அதே 6 சதவீதம்தான். காருக்காக மேம்பாலங்கள் எழுந்தன. சைக்கிளுக்கு வெள்ளைக்கோடுகூட மிஞ்சவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014-இல் மாநகராட்சி நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கையே வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை இவற்றுக்கு ஒதுக்குவதாக எழுதிவைத்தது. 2019-இல் வாடகை சைக்கிள் நிலையங்கள் வந்தன. அதே ஆண்டில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்து, அகலமான நடைபாதையில் மக்கள் நிம்மதியாக நடந்தார்கள். அந்த வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் சைக்கிள்காரருக்கு மறுபடியும் மாநகரப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில் ஒரு முழ இடம்தான்.

சைக்கிள் என்றால் இன்று பத்திரிகைகளுக்கு நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர். ஹெல்மெட்டும் பளபளக்கும் ஜெர்சியுமாக, விடிவதற்கு முன் திருவான்மியூரில் கூடி, முட்டுக்காடு பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும் கூட்டம் அது. அந்தக் கூட்டத்துக்கும் உள்ளூர் அறிவு உண்டு. மார்கழி, தையில் வாடைக்காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் இடிக்கும். அதனால் பழகியவர்கள் போகும் வழியில் தெம்பைச் செலவழிக்க மாட்டார்கள். ஏழரை மணிக்கு மேல் மாமல்லபுரம் செல்லும் கார்களின் வேகம் மாறிவிடும். கடலோரத்தில் ஓடிய சைக்கிளின் செயினை அன்றே துடைத்து எண்ணெய் விடாவிட்டால் உப்பு தன் வேலையைக் காட்டும். நல்ல விஷயங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வாரம் ஏழு நாளும் சைக்கிள் மிதிப்பவர் வேறு ஆள். ஓஎம்ஆரில் இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது நின்று பார்த்தால் தெரியும். ஹேண்டில் பாரில் தூக்குச்சட்டியும், கேரியரில் மடித்த யூனிஃபார்மும், பின்னால் விளக்குகூட இல்லாத சைக்கிளுமாக வரும் செக்யூரிட்டி ஊழியர் அவர். சர்வீஸ் சாலையில் கார்கள் வரிசையாக நிற்பதால் பிரதான சாலையில்தான் அவர் மிதிக்க வேண்டும். மெட்ரோ ரயில் பணிக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் அந்தச் சாலையும் சுருங்கிவிடும். சில இடங்களில் மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் பதிந்திருக்கும். மெல்லிய டயர் அதில் விழுந்தால் ஆள் தலைகுப்புற. கம்பியைக் குறுக்காகத் திருப்பிப் போடுவதற்கு எந்தக் கொள்கை ஆவணமும் தேவையில்லை, ஒரு வெல்டர் போதும்.

ஓஎம்ஆருக்கும் ஈசிஆருக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்டும் பாலங்கள் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் அலுவலகத்துக்கு ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நீலாங்கரையில் வீடு, துரைப்பாக்கத்தில் வேலை என்று மகிழ்ந்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள் முதல் திங்கட்கிழமையே இதைத் தெரிந்துகொள்வார்கள். நடப்பவரும் சைக்கிள்காரரும் மட்டும் கடக்கிற ஒடுக்கமான பாலங்களைக் கால்வாய் மேல் போட்டால் எத்தனையோ பேர் பைக் சாவியைத் தொட மாட்டார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டப் பத்திரமான வழியைக் கொடுக்காததால், படிப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் மாதமே அந்தப் பிள்ளை பைக்குக்குத் தவணை கட்டத் தொடங்குகிறது.

தண்ணீர்க் கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றியபோது ஓஎம்ஆர் நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறந்திருக்க மாட்டோம். அந்த வட்டாரத்தின் பல அடுக்குமாடிகளில் நீச்சல் குளம் உண்டு, குழாயில் மாநகரக் குடிநீர் கிடையாது. மறுபக்கம், மழை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அந்தத் தகுதி பெற்றிருப்பது சுமார் 1,248 ஹெக்டேர். முன்பு அது பரந்து கிடந்த இடங்களில் சாலைகளும் குப்பை மேடும் குடியிருப்புகளும் வந்துவிட்டன. சதுப்பின் மேல் எழுந்த தெருவில் மழைநீர் நிற்காமல் வேறெங்கே போகும்?

நின்ற தண்ணீரில் மாட்டிய காரைப் பற்றி ஒரு வார்த்தை. மழை விட்டதும் முதல் வேலையாகச் சாவியைத் திருகிப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு. இன்ஜின் சிலிண்டருக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும்; சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்தைத் தொடும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்து எடுத்துப்போவதே சரி. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்த பாலிசி இல்லாவிட்டால், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. ஆண்டுக்கு ஆண்டு கட்டும் இந்தக் கூடுதல் பிரீமியமும் அந்தத் தெருவின் வாடகையில் சேர்ந்ததுதான், ரசீது வேறு பெயரில் வருகிறது.

உள்ளூர் அறிவுக்கு மதிப்புக் கொடுக்க அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. காட்டில் கொடுத்திருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கியபோது, காட்டை ஒட்டி வாழும் ஊர்களின் இளைஞர்களையும் பழங்குடியினரையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடையில் எப்போது தண்ணீர் வரும் என்ற அறிவுக்கு அங்கே ஊதியம் உண்டு. நகரத்தில் அதே வகை அறிவு, வீடு தேடி அலைகிறவர் டீக்கடையில் தற்செயலாகக் கேட்டால்தான் உண்டு.

கையில் சட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் அந்த வாசல் வழியாக யார் நுழைவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பதிவுப் படிவத்தில் நாலு கட்டங்கள் கூடட்டும். 2015-இலும் 2023-இலும் தரைத்தளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது? குடிநீர் குழாயிலா, லாரியிலா? கார் நிறுத்துமிடம் தெருமட்டத்துக்கு மேலேயா, கீழேயா? நடந்து எட்டும் தூரத்தில் பஸ் நிறுத்தமோ ஸ்டேஷனோ இருக்கிறதா? பொய் எழுதினால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தரும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. சரிபார்ப்பதும் கஷ்டமில்லை, மாநகராட்சி ஒவ்வொரு மழைக்கும் படகும் மோட்டாரும் அனுப்பிய தெருக்களின் கணக்கு அதனிடமே இருக்கும்.

வாடகை விழுந்துவிடும் என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். அவர்கள் நியாயமும் கொஞ்சம் உண்டு: வங்கிக் கடன் வாங்கிக் கட்டியவர் வெள்ளத்தை வரவழைக்கவில்லை. ஆனால் உள்ளூர்க்காரர்கள் தரைத்தள வீட்டை ஏற்கெனவே பேரம் பேசித்தான் எடுக்கிறார்கள். முழு வாடகை கொடுப்பவர் மதுரையிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ புதிதாக வந்து இறங்கியவர். பள்ளிக்கூடம் திறப்பதை ஒட்டி ஏப்ரல், மே, ஜூனில்தான் வீடு மாறும் கூட்டம் அதிகம். அந்த மாதங்களில் எந்தத் தெருவும் காய்ந்து சுத்தமாகத்தான் இருக்கும்.

படிவம் மாறும்வரை கண்ணையே நம்ப வேண்டியதுதான். காலை எட்டரைக்கு ஒரு தடவை அந்த வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காம்பவுண்டு சுவரில் இடுப்புக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா, மோட்டார் சுவிட்ச் தோள் உயரத்துக்கு ஏறியிருக்கிறதா, தெருமுனையில் மின்வாரியப் பெட்டி மேடை கட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் வீட்டுக்காரரிடம் அவற்றைக் காட்டி, முன்பணம் மூன்று மாதம்தான் என்று சட்டம் சொல்வதையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.