தேன்மெழுகைக் குப்பையில் எறியலாமா?

பொந்துத் தேன் எடுத்துப் பிழிந்த பின் அடையைக் குப்பையில் வீசிவிடுகிறோம். அதே வீட்டில் மோர் கடையும் மத்து வெடித்துக் கிடக்கிறது; அரிவாள்மணைப் பலகை பிளந்து நிற்கிறது. புதிது வாங்கக் காசு தேடும் நமக்கு இது கட்டுப்படியாகுமா?

மரம் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். மாறி மாறி இப்படி நடப்பதால்தான் வெடிப்பு. வெட்டுமுனை வழியாகவே நீர் அதிகம் ஏறும். பூச்சும் அங்கேதான் நன்றாக ஏற வேண்டும்.

அடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டினால், ஆறியதும் மெழுகு மேலே கட்டியாக மிதக்கும். அதில் 50 கிராமுக்கு 200 கிராம் தேங்காய் எண்ணெய் சேருங்கள். கடலை எண்ணெய் வேண்டாம். சீக்கிரம் காறல் வாடை வரும். கலவையை நேராக அடுப்பில் ஏற்றினால் தீப்பிடிக்கும். பாத்திரத்தைக் கொதிநீரில் இறக்கி வைத்தே உருக்க வேண்டும். சாமானை இரண்டு மூன்று நாள் நிழலில் நன்கு உலர்த்தி, கை பொறுக்கும் சூட்டில் கலவையைத் தேய்த்து, மறுநாள் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு பூசினால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கொதிக்கும் குழம்பில் போடும் அகப்பைக்கு இது நிற்காது. மத்து, மாவுப் பலகை, அஞ்சறைப் பெட்டி போன்றவற்றுக்கே ஏற்றது. கடை மெழுகுவர்த்தியை உருக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உணவு படும் சாமானுக்குச் சாயமும் வாசனையும் எதற்கு?

மிஞ்சியதை மண்வெட்டிக் காம்பில் தேய்த்துப் பாருங்கள்.