தூர் அழுகிய தென்னையை நாமே வெட்டலாமா?

ஸ்ரீரங்கம் மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டுக் கொல்லையில் நாற்பது வயதைத் தாண்டிய நாட்டுத் தென்னை ஒன்று நிற்கிறது. தூரில் செம்பழுப்பு நிறத்தில் நீர் கசிகிறது. அடிமட்டைகள் காய்ந்து மரத்தோடு ஒட்டித் தொங்குகின்றன. குரும்பையும் நிற்பதில்லை. வெட்டிவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஆட்கள் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. வாடகைக்கு மெஷின் ரம்பம் எடுத்து, மகனும் மைத்துனரும் கயிறு பிடிக்க, தானே அறுத்துவிடலாமா என்பது கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். போன மாதம் அடுத்த தெருவில் இப்படி அறுத்த தென்னை, இழுத்த பக்கம் வராமல் திரும்பி மாட்டுக்கொட்டகை மேல் விழுந்ததாம். மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தது. எங்கே தப்பு நடந்தது?

இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

மரத்தைக் கயிறு சாய்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கயிறு துணைக்குத்தான். சாய வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுவார்கள். அது மரத்தின் குறுக்களவில் கால் பங்கு ஆழம் இருந்தால் போதும். பிறகு எதிர்ப்பக்கம், அந்த வாயைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் அறுத்து வருவார்கள். இரண்டு வெட்டும் சந்திக்கவிடாமல் நடுவில் ஒரு பட்டை மரத்தை விட்டுவைக்க வேண்டும். ஓரடி குறுக்களவுள்ள மரத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும். கதவுக்குக் கீல் போல மரத்தைப் பிடித்துத் திருப்பி, சொன்ன திசையில் படுக்கவைப்பது இந்தப் பட்டைதான். அது முழுக்க அறுந்துபோனாலோ, அழுகியிருந்தாலோ மரம் தன் பாரம் இருக்கும் பக்கம் போகும். நான்கு பேர் இழுத்தாலும் கேட்காது.

வாசகர் சொல்லும் அடையாளங்கள் தஞ்சாவூர் வாடல் நோயைக் காட்டுகின்றன. மண்ணில் இருக்கும் கானோடெர்மா என்ற பூசணம் முதலில் வேரைத் தின்று, பிறகு தூருக்கு ஏறும். தென்னைக்கு வலு வெளிச்சுற்றில்தான். நடுப்பகுதி எப்போதுமே மெத்தென்று இருக்கும். அந்த வெளிச்சுற்றும் அடியில் அழுகிவிட்டால், கீலாக நிற்க வேண்டிய இடத்தில் சக்கைதான் மிச்சம். அடுத்த தெரு மரமும் நீர் கசிந்ததா என்று அவர் விசாரித்துப் பார்க்கலாம்.

அழுகலைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. கடப்பாரையின் பின்பக்கத்தால் தூரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அழுகிய இடத்தில் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் நுனியால் குத்தினால் இறங்கும். சுற்றளவில் எந்த ஒரு பக்கம் இறங்கினாலும் அந்த மரத்தை வீட்டுக்காரர் தொடக்கூடாது. அதில் ஏறவும் கூடாது. உச்சியில் ஆள் இருந்து மட்டையை வெட்டும்போது ஏற்படும் ஆட்டத்தையே தூர் தாங்காமல் போகலாம். இப்படிப்பட்ட மரத்துக்கு ஆளைத் தூக்கிப் பிடிக்கும் வண்டியோ கிரேனோ கொண்டுவந்து, மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே வழி. செலவு கூடத்தான் ஆகும். ஆனால் இந்த நோய் ஒரு மரத்தோடு நிற்பது அபூர்வம். அக்கம்பக்கத்தில் இதே நிலையில் இரண்டு மூன்று மரம் இருந்தால், ஒரே நாளில் வண்டியை வரவழைத்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

தூர் கெட்டியாக இருக்கும் மரம் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது இடம். உயரத்தைக் கண்ணால் மதிப்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். கையை நீட்டினால் கண்ணிலிருந்து பிடி வரை எவ்வளவு நீளமோ, பிடிக்கு மேலே அதே நீளம் நிற்கும்படி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். குச்சியின் அடி மரத்தின் தூரிலும், நுனி மரத்தின் உச்சியிலும் பொருந்தும் வரை பின்னால் நடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். நாட்டுத் தென்னை அறுபது, எழுபது அடி சாதாரணமாக இருக்கும். ஸ்ரீரங்கத்து ஒடுங்கிய கொல்லைகளில் அவ்வளவு தூரம் பின்னால் நடக்கவே இடமிருக்காது. நடக்க இடமில்லையென்றால் விழவும் இடமில்லை. அங்கேயும் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

இடம் இருந்தாலும், மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் அறுப்பவரைத் தவிர யாரும் நிற்கக்கூடாது. கயிறு பிடிப்பவர்களும் அந்தத் தூரத்துக்கு அப்பால், விழும் நேர்கோட்டில் இல்லாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொள்வது கூடவே கூடாது. மரம் திரும்பினால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அறுப்பவர் மரம் அசையத் தொடங்கியதும் பின்பக்கம் குறுக்காக விலகிப் போக, வழியை முன்கூட்டியே சுத்தம் செய்து வைக்க வேண்டும். மட்டை இடுக்கில் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் முக்கியம். இருந்தால் தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் வந்து அகற்றுவார்கள். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வீசும் நாட்களில் வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். மின்னகம் எண் 94987 94987. மட்டை கம்பியில் பட்டுவிட்டால், அது காய்ந்த மட்டைதானே என்று கையால் இழுக்கக்கூடாது.

தானாகச் சாய்ந்து கிடக்கும் மரம் பாதுகாப்பானது என்பதும் தவறான நினைப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. வேரோடு சாய்ந்த மரத்தை நடுவில் அறுத்தால், பாரம் நீங்கிய தூர், வேர் மண்ணோடு சேர்த்துப் பழைய குழிக்குள் திரும்பச் சாயலாம். அந்தக் குழிக்குள் நின்றுகொண்டு அறுக்கக்கூடாது. மரம் வளைந்து கிடந்தால் விறைப்பான பக்கம் சட்டென்று பிளந்து அடிக்கும்.

வெட்டிய பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வெட்டிய தென்னையைக் கொல்லையிலேயே போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் அதில் முட்டையிட்டுப் பெருகி, நல்ல மரங்களுக்குப் போகும். நோய் வந்த மரத்தின் தூரையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். குழியைச் சுற்றி நான்கடி தள்ளி, இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் பள்ளம் வெட்டினால் பூசணம் வேர் வழியாகப் பரவுவது தடைப்படும். மிச்ச மரங்களுக்கு மரத்துக்கு 5 கிலோ வீதம் வேப்பம் பிண்ணாக்கு போட்டு, தூரைச் சுற்றி ஒரு சத போர்டோ கலவையை 40 லிட்டர் ஊற்றலாம். நோய்தானா என்று உறுதி செய்ய, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் கசிவின் படத்தைக் காட்டிக் கேட்கலாம்.

இதையே பனைக்கும் செய்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாகிவிட்டது. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மரங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றாலும் வீட்டுக்காரருடையவை அல்ல.

அந்த இடத்தில் உடனே தென்னங்கன்று வைக்காமல், மற்றத் தென்னைகளுக்கு நடுவே வாழை போடட்டும். இந்த வாடல் நோயுள்ள தோப்புக்குத் தண்ணீர் வசதி இருந்தால் வாழையை ஊடுபயிராக்கச் சொல்வதுதான் பரிந்துரை. கொள்ளிடக்கரை மண்ணில் பூவன் நன்றாகவே வரும்.