கடிகாரத்தின் மணியும் வணக்கத்தின் நேரமும்



தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதைத் திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 103ஆம் வசனம் நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது. அந்த நேரங்களுக்கு அடையாளமாக மார்க்கம் காட்டுவது சூரியனையே. வைகறையின் வெண்மை, உச்சி சாய்தல், நிழலின் நீளம், சூரியன் மறைதல், செவ்வானம் மங்குதல் ஆகியவை அந்த அடையாளங்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் இவற்றை வானத்தில் பார்ப்பதில்லை. கைப்பேசித் திரையில் பார்க்கிறோம். அதில் குற்றமேதும் இல்லை. ஆயினும் திரையில் தோன்றும் அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியாமல் நோன்பையும் தொழுகையையும் அதனிடம் ஒப்படைத்துவிடுவது சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கைப்பேசியில் உள்ள தொழுகை நேரச் செயலி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அங்கே சூரியன் எப்போது மறையும் என்று கணக்கிடுகிறது. இரண்டாவது, அந்தக் கணத்துக்கு அந்நாட்டுக் கடிகாரம் எத்தனை மணி காட்டும் என்று பார்க்கிறது. முதல் வேலை வானியல். அல்லாஹ் வகுத்த ஒழுங்கைப் பின்தொடர்வது. இரண்டாவது வேலை அரசாங்க ஆணையைப் பின்தொடர்வது. இரண்டிலும் பிழை நேரலாம். ஆனால் பிழையின் தன்மை வேறு.

கொல்லிமலையில் ஒரு மஃரிப்

முதல் வகைப் பிழைக்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊர்கள் 'நாடு' என்ற பெயரால் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. மிளகு, காபி, பலா வாங்கும் வணிகத்துக்காகவோ, அரசுப் பணிக்காகவோ, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குடும்பத்துடன் சுற்றுலாவுக்காகவோ ரமளானில் அங்கே செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாங்கொலி எட்டாத இடத்தில் தங்கியிருக்கிறார். கையில் இருப்பது சென்னையில் அச்சான அட்டவணை. அல்லது இருப்பிட வசதி அணைக்கப்பட்டு, இன்னும் 'சென்னை' என்றே காட்டிக்கொண்டிருக்கும் கைப்பேசி.

சென்னை ஏறத்தாழ 80.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது, கொல்லிமலை 78.4 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், சூரியன் கொல்லிமலையின் உச்சியைக் கடப்பது சென்னையைக் காட்டிலும் ஏறக்குறைய 8 நிமிடம் பிந்தியே. மார்ச் 20ஆம் நாளையொட்டிச் சென்னையில் சூரியன் மறைவது சுமார் 6.20 மணி என்றால், கொல்லிமலையில் அது 6.27ஐத் தாண்டும். டிசம்பரில் இந்த இடைவெளி 11 நிமிடமாக விரியும். ஜூனில் 4 நிமிடமாகச் சுருங்கும்.

சென்னை அட்டவணையைப் பார்த்து அங்கே ஸஹர் முடிப்பவர் சற்று முன்னதாகவே நிறுத்திக்கொள்கிறார், நோன்புக்குக் கேடில்லை. ஆனால் அதே அட்டவணையைப் பார்த்து நோன்பு திறப்பவர், சூரியன் மறையுமுன்பே பேரீத்தம்பழத்தை வாயிலிட்டு விடுகிறார். நாள் முழுதும் பசித்திருந்தது இறுதி ஏழெட்டு நிமிடங்களில் கைநழுவிப் போகலாம். மேற்கிலிருந்து சென்னைக்கு வருபவர் ஊர் அட்டவணையோடு வந்தால் ஆபத்து ஸஹரின் பக்கம் திரும்பும்.

மலையின் உயரமும் கவனிக்கத் தக்கது. கொல்லிமலையின் மேட்டுப் பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ளவை. மேற்கே தடையின்றி வானம் தெரியும் விளிம்பில் நிற்பவருக்குச் சூரியன் சமவெளியைவிடச் சில நிமிடங்கள் பிந்தியே மறையும். 2011ஆம் ஆண்டு ரமளானில் துபாய் மார்க்க அதிகாரிகள், புர்ஜ் கலீஃபாவின் 80ஆம் தளத்துக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும், 150ஆம் தளத்துக்கு மேல் வசிப்போர் 3 நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்குமாறு அறிவுறுத்தியது இதே காரணத்தால்தான்.

அரசாணையைப் படிக்கும் கணினி

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். பெரும்பாலான கணினிகள் உள்ளுக்குள் 'மணி'யை அறிவதில்லை. 1970 ஜனவரி 1ஆம் நாள் தொடங்கிக் கழிந்த நொடிகளை உலகப் பொது நேரப்படி எண்ணிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்ணை நம் ஊர் மணியாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பின்னர் பால் எகர்ட் பொறுப்பேற்று நடத்திவரும் நேர மண்டலத் தொகுப்பே ஆண்ட்ராய்டு, ஐஃபோன், லினக்ஸ் ஆகிய யாவும் நம்பியிருக்கும் அட்டவணை. விண்டோஸ் தனக்கென வேறோர் அட்டவணை வைத்திருக்கிறது.

அத்தொகுப்பில் நேர மண்டலம் என்பது "ஐந்தரை மணி" போன்ற வெறும் எண் அன்று. ஓர் இடத்தின் கடிகாரம் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எவ்வாறு இருந்தது என்ற வரலாறு அது. 1970க்குப் பின் ஒரே நேரத்தைக் கடைப்பிடித்த நிலப்பரப்புக்கு ஒரு பெயர் போதும் என்பது அதன் மரபு. ஆகவே குண்டனி நாடானாலும் காயல்பட்டினமானாலும் கணினிக்கு அது 'ஆசியா/கொல்கத்தா'தான். அந்தப் பெயரின் கீழ், இந்தியாவுக்கு ஒரே நேரம் 1906 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், அதற்கு முன் இரயில்வே பயன்படுத்திய 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்ற மதராஸ் நேரமும், இரண்டாம் உலகப்போரின்போது கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டு 1945 அக்டோபரில் மீண்டதும் வரிவரியாகப் பதிவாகியுள்ளன.

நெடுங்காலமாக நம் கடிகாரம் அசையவில்லை. அதனால் கடிகாரத்தையும் சூரியனையும் ஒன்றென்றே எண்ணிவிட்டோம். இலங்கைச் சகோதரர்களுக்கு அந்த எண்ணம் இராது. நீர்மின் பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பியது. பத்தாண்டுகளில் மூன்று மாற்றங்கள். சூரியன் மறையும் கணம் மாறவில்லை. அதற்கு மனிதர் சூட்டிய எண் மட்டும் மாறியது. விதி புதுப்பிக்கப்படாத கணினியோ பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கோடைக்கால நேரம் வழக்கிலுள்ள நாடுகளில் இது ஆண்டுக்கு இருமுறை நிகழ்வது. இலண்டனில் மார்ச் மாதத்தின் இறுதி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன்னேறும். அக்டோபரின் இறுதி ஞாயிறன்று பின்வாங்கும். அங்குள்ள மகன் "ஞாயிறு மாலை 3 மணிக்கு நிகாஹ்வைக் காணொளியில் பாருங்கள்" என்றால், குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 8.30, கோடையில் 7.30. ஊரின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் ஓர் எண்ணை மட்டும் கைப்பேசியில் பதித்து வைத்தவருக்கு அரையாண்டு முழுவதும் தொழுகை நேரம் ஒரு மணி பிழையாகவே தெரியும்.

ரமளானும் கடிகாரமும்

முஸ்லிம் நாடுகளில் இவ்விதிகள் ரமளானோடு பின்னிப் பிணைந்துள்ளன. மொராக்கோ 2018 முதல் ஆண்டு முழுவதும் ஒரு மணி முன்னேறிய நேரத்தைப் பின்பற்றி, ரமளானில் மட்டும் அதைப் பின்னிழுத்துக்கொள்கிறது. கணினிக்கு இது பெரும் சிக்கல். 'மார்ச் இறுதி ஞாயிறு' போல ஒற்றை வரியில் ரமளானை எழுத இயலாது. ஆகவே தொகுப்பைப் பராமரிப்போர் 2087 வரை ரமளான் வரக்கூடிய நாட்களை முன்கூட்டிக் கணித்து, ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியே பதிந்து வைத்திருக்கிறார்கள். பிறை பார்த்து முடிவாகும் மாதத்துக்கு இது ஓர் ஊகம் மட்டுமே.

லெபனானில் 2023இல் நிகழ்ந்ததோ வருந்தத் தக்கது. மார்ச் இறுதியில் கடிகாரம் முன்னேற வேண்டிய நேரத்தில், ரமளான் முடியும்வரை அதைத் தள்ளிவைப்பதாக இடைக்காலப் பிரதமர் நஜீப் மிகாத்தி சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்தார். மாரோனியத் திருச்சபை ஏற்க மறுத்தது. ஒரே நகரில் இரண்டு நேரங்கள். கைப்பேசிகளுள் சில ஒன்றையும் சில மற்றொன்றையும் காட்டின. நேர மண்டலத் தொகுப்பு அவசரமாக ஒரு பதிப்பை வெளியிட்டது; அரசு பின்வாங்கியதும் சில நாட்களில் அதை நீக்கி மற்றொரு பதிப்பை வெளியிட்டது. கடிகாரத்தை நகர்த்துவதால் நோன்பின் நீளம் ஒரு நொடியும் குறைவதில்லை. குறையாத ஒன்றுக்காக அண்டை வீட்டாரோடு பகைமை வளர்ந்தது.

நாம் செய்ய வேண்டியவை

"இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு? கண்ணால் பார்த்துத் தொழுதால் போதாதா?" என்று சிலர் வினவலாம். பார்க்க முடிந்தவர் பார்க்கட்டும், அதுவே அடிப்படை. ஆனால் மலைமுகடு மேற்கை மறைத்தால் சூரியன் கண்ணுக்கு மறைவது அஸ்தமனம் ஆகாது; மேகமூட்டத்தில் எதுவும் தெரியாது. கணக்கிடுவது நம் மரபுக்குப் புதிதும் அன்று. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராகப் பணியாற்றிய இப்னு அஷ்ஷாத்திர் தலைசிறந்த வானியல் அறிஞராகவும் திகழ்ந்தார். அட்டவணையும் நம் சொத்து. அதன் எல்லையை அறிந்திருப்பதும் நம் சொத்து.

எனவே, நம் ஜமாஅத்துகள் வெளியிடும் நேர அட்டவணையில் எந்த ஊருக்காகக் கணிக்கப்பட்டது என்பதையும், சுற்றியுள்ள ஊர்களுக்குக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய நிமிடங்களையும் அச்சிட வேண்டும். சேலம், நாமக்கல் பகுதி ஜமாஅத்துகள் மலை ஊர்களுக்கான குறிப்பையும் ஆலிம்களிடம் கேட்டுச் சேர்த்தால் பெரும் நன்மை. குடும்பத்தில் இளைஞர்கள், பெரியவர்களின் கைப்பேசியில் தானியங்கி நேரமும் இருப்பிடமும் இயங்குகின்றனவா, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று ரமளானுக்கு முன் பார்த்துக் கொடுக்கலாம். பயணம் செல்வோர் அவ்வூர் அட்டவணையைக் கேட்டு வாங்கட்டும். கிடைக்காவிடில் சில நிமிடம் பொறுத்து நோன்பு திறக்கட்டும்.

கடிகாரத்தின் விதியை மனிதர் எழுதுகிறார்கள், மனிதரே திருத்துகிறார்கள். வக்தை நிர்ணயித்தவன் அல்லாஹ். இவ்விரண்டையும் பிரித்தறிந்து, நம் வணக்கங்களை உரிய நேரத்தில் நிறைவேற்றும் நல்வாய்ப்பை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.