வலைத்தளம் அமைப்போர் எப்படிக் கற்றார்கள்? பெற்றோர் சிந்தனைக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் ஆர்வம் இருக்கிறது. வெப் டெவலப்மென்ட் கோர்ஸில் சேர்த்துவிடலாமா? ஆறு மாதத்தில் வேலை உறுதி என்கிறார்களே!" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வளைகுடாவில் உழைக்கும் தந்தையின் சேமிப்பும், சில வீடுகளில் தாயின் நகையும் அந்தக் கட்டணத்துக்குப் போகின்றன.

கட்டணம் செலுத்தும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தொழிலில் இன்று நிலைத்து நிற்பவர்கள் எவ்வாறு கற்றார்கள்? அந்த வரலாறு முப்பது ஆண்டுகளைச் சற்றே கடந்தது. அதை அறிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைப் பணம் கொடுத்து வாங்கவே இயலாது என்பது விளங்கிவிடும்.

பிரித்துப் பார்த்துக் கற்ற காலம்

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, அந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. தொழில் அப்போதுதான் பிறந்திருந்தது. அதற்கெனப் பட்டமோ பாடத்திட்டமோ உருவாகியிருக்கவில்லை.

ஆனால் உலாவியிலேயே ஒரு வசதி இருந்தது. 'வியூ சோர்ஸ்' என்பதை அழுத்தினால், கண்முன் உள்ள பக்கம் எந்தெந்த வரிகளால் ஆனதோ அவை அனைத்தும் விரியும். கற்க விரும்பியவர்கள் அதைத் தம் கணினியில் சேமித்தார்கள். நோட்பேடில் திறந்து ஒரு நிறத்தை மாற்றினார்கள், ஒரு வரியை நீக்கினார்கள், பக்கம் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். தைத்த சட்டையின் தையலைப் பிரித்துப் பார்த்து வெட்டும் முறையைக் கற்ற தையற்காரரைப் போன்றவர்கள் அவர்கள்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. ஆயினும் எங்கள் தலைமுறையினருக்கு இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். மணிக்கணக்கில் கட்டணம் கொடுக்க வேண்டும். ஆகவே பிடித்த பக்கங்களை ஃபிளாப்பியில் சேமித்துக்கொண்டு, கணினி இருந்த நண்பரின் வீட்டில் அமர்ந்து ஆராய்வோம். கணினிப் பயிற்சி மையத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது சி மொழியும் விஷுவல் பேசிக்கும். வலைப்பக்கத்தைக் கற்றதோ அந்த ஃபிளாப்பியிலிருந்து.

ஒருமுறை, ஒரு வாரம் பாடுபட்டு எழுதிய பக்கம் ஃபிளாப்பி பழுதானதால் அழிந்துபோனது. வேறு வழியின்றி முதலிலிருந்து எழுதினோம். முதல் முறை பார்த்து எழுதியிருந்தோம். இரண்டாம் முறை நினைவிலிருந்து எழுத நேர்ந்தபோதுதான் எந்த வரி எதற்கு என்பதே புரிந்தது.

அறிமுகமற்றவர்கள் ஆசிரியர்களான காலம்

1995-இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் உருவாக்கினார். அதே ஆண்டில், ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளைப் பி.எச்.பி. என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 1998-இல் நார்வேயில் தோன்றிய டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தில், நிரலை மாற்றி எழுதி விளைவை உடனே பார்க்க முடிந்தது. 2003-இல் டேவ் ஷே தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் ஒரே உள்ளடக்கத்தை வைத்துக்கொண்டு, வடிவமைப்பு விதிகளை மட்டும் மாற்றி, எத்தனை விதமான தோற்றங்களை உண்டாக்கலாம் என்று காட்டியது. அதே ஆண்டு வெளிவந்த வேர்ட்பிரஸில் தம் தளத்தின் தலைப்பகுதியைத் திருத்தப் புகுந்து, படிப்படியாகப் பி.எச்.பி. கற்று, அதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் பலர்.

2008-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் கிட்ஹப்பும் வந்தன. முன்னதில், எங்கோ ஒரு நாட்டில் இருப்பவர் கேட்ட கேள்விக்கு முகம் தெரியாத ஒருவர் ஊதியமின்றி விடை எழுதினார். பின்னதில், பெரிய மென்பொருள்களின் மூலநிரலையே படிக்க முடிந்தது. இன்று கைநிறையச் சம்பாதிக்கும் நிரலாளர் எவரும் இப்படிப்பட்டவர்களிடம் கடன்பட்டவரே. விடையை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்தவர்களும் அப்போதே இருந்தார்கள். அவர்களின் அன்றைய வேலை முடிந்தது, ஆனால் அதே பிழை மறுநாள் வேறு வடிவில் வந்தபோது மீண்டும் வழி தெரியாமல் நின்றார்கள்.

கட்டணமும் காணொளியும்

2011-இல் கோட்அகாடமி தோன்றியது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப், சில மாத முழுநேரப் பயிற்சியில் புதியவர்களை நிரலாளர்களாக்கும் முறையைப் பரப்பியது. உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றினார்கள். அந்த நிறுவனமோ 2017-இல் மூடப்பட்டது. மறுபுறம், 2014-இல் குவின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் முழுப் பாடத்தையும் இன்றளவும் இலவசமாகத் தருகிறது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை வீழ்ந்தபின், தமிழிலேயே பாடம் நடத்தும் காணொளிகள் நம் வீட்டுக் கைப்பேசிக்குள் வந்துவிட்டன.

இக்காலத்தில் தொழிலும் கடினமாகிவிட்டது என்பதை மறைக்கக் கூடாது. ரியாக்ட் போன்ற கருவிகள் வந்தபின், ஒரு தளத்தை அமைக்கப் பல அடுக்குகளை அறிய வேண்டியுள்ளது. பல தளங்களில் 'வியூ சோர்ஸ்' அழுத்தினால், இயந்திரம் சுருக்கித் தந்த, மனிதர் படிக்க இயலாத வரிகளே வருகின்றன. பிரித்துப் பார்த்துக் கற்கும் பழைய வழி குறுகிவிட்டதால், வழிகாட்டும் ஆசிரியர் தேவைப்படுவது உண்மையே.

ஆனால் எத்தகைய ஆசிரியர்? காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் முதல் வரி வராது. மக்தபில் நாம் ஓதிய முறையை எண்ணிப் பாருங்கள். உஸ்தாத் ஓதக் கேட்டதோடு பாடம் முடிந்துவிடவில்லை. நாம் ஓதிக் காட்டி, அவர் பிழை திருத்திய பிறகே அடுத்த பாடம். மாணவரின் நிரலை வரிவரியாகப் படித்து, "இது ஏன் இங்கே?" என்று கேட்கும் ஆசிரியருக்குக் கட்டணம் கொடுப்பதில் நட்டமில்லை. காணொளியையும் சான்றிதழையும் மட்டும் தருபவருக்கு நகையை அடகு வைப்பது வீண்செலவு.

இயந்திரம் எழுதித் தரும் காலம்

2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. சில நாள்களிலேயே, அதைக் கொண்டு எழுதப்பட்ட விடைகளை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றிய அந்த விடைகள் பெரும்பாலும் பிழையாக இருந்ததே காரணம். அக்கருவிகள் அதன்பின் வெகுவாக முன்னேறியுள்ளன. எனினும் சரியையும் பிழையையும் பிரித்தறியும் கண் கற்பவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே அவருக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது.

இதில் பெரும் நன்மையும் உண்டு. தொலைவிலுள்ள பயிற்சி மையத்துக்குச் செல்ல இயலாத நம் பெண்பிள்ளைகளுக்கு, எந்த நேரத்திலும் சலிக்காமல் விளக்கம் சொல்லும் துணை கிடைத்திருக்கிறது. "எழுதிக் கொடு" என்று கேட்பவள் ஒரு பக்கத்தைப் பெறுகிறாள். "நான் எழுதியதில் பிழை எங்கே, ஏன்?" என்று கேட்பவள் கல்வியைப் பெறுகிறாள்.

ஆகவே பெற்றோர்களே, கணினி தெரியாதவர்களாயினும் நீங்கள் சோதித்தறிய வழியுண்டு. கோர்ஸில் சேர்க்கும் முன் பிள்ளைக்கு மூன்று மாதம் கொடுங்கள். இலவசப் பாடங்களைக் கொண்டு, தெருமுனைக் கடைக்கோ, உறவினரின் சிறு தொழிலுக்கோ ஒரு வலைப்பக்கம் அமைக்கச் சொல்லுங்கள். முடித்ததும் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: "இதில் நீ சொந்தமாக எழுதியது எது? எங்கே தடுமாறினாய்? அதை எப்படிச் சரிசெய்தாய்?" பதில் தயங்காமல் வந்தால், அப்பிள்ளைக்குச் செலவிடும் கட்டணம் பயன் தரும். பதில் வராவிட்டால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்.

இத்துறையில் முன்னேறிவிட்ட இளைஞர்களே, நீங்கள் கற்றதில் பெரும்பகுதி யாரோ இலவசமாகத் தந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஊரில் கற்கத் தொடங்கியிருக்கும் ஒரு பிள்ளையின் நிரலைப் படித்துத் திருத்திக் கொடுங்கள். அடகுக் கடைக்குப் போகவிருக்கும் ஒரு தாயின் நகை அதனால் மிஞ்சலாம்.