பனியில் பிறந்த வண்டி

மொன்றியல் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வசிக்கும் என் தமக்கையார், சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்தபோது, மேசையில் விரித்த பழைய பத்திரிகையின்மேல் பாதி வர்ணம் பூசப்பட்டு நின்ற ஒரு சைன்ய வாகனத்தின் மாதிரியையும், அதன் அருகே தூரிகையும் கையுமாக நின்ற தம் பதினொரு வயதுப் பேரனையும் கண்டு, சிறிது நேரம் வாய் திறவாமல் நின்றுவிட்டு, “தம்பி, உதை ஏன் பிள்ளைக்குப் பழக்குறாய்? உதுகளுக்குப் பயந்துதானே நாங்கள் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிவந்தனாங்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்த நகரத்தில் வாழும் ஈழத் தமிழர் பலருக்கு, கவச வாகனத்தின் ஓசை புத்தகத்தில் படித்த விஷயமன்று. இரவில் கதவைப் பூட்டிவிட்டு மூச்சடக்கிக் கேட்ட ஓசை. ஆகையால் அன்று அக்காவுக்கு உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. இந்த முயற்சி தகாதது என்று அபிப்பிராயங் கொண்டுள்ள பெற்றோர் வேறு பலரும் இருப்பதனால், பின்னர் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது அமெரிக்காவின் எம்-3 என்னும் ‘ஹாஃப்-ட்ராக்’. அதாவது முன்னால் சாதாரண லொறியைப்போல இரு சக்கரங்களும், பின்னால் டாங்கியைப்போல இரு பட்டைகளும் கொண்ட வண்டி. பதினாறில் ஒரு பங்கு அளவில், முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், ரிமோட்டில் ஓடுவது. முதன்முறை ஓடவிட்டபோது, முன்சக்கரங்கள் இடப்பக்கம் நன்றாகத் திரும்பி நின்றும், வண்டி அவற்றின் சொல்லைக் கேளாமல் நேராகவே சென்று குளிர்சாதனப் பெட்டியில் முட்டியது. ஏன் அப்படி என்று பையன் இரண்டு நாட்கள் யோசித்தான். திரும்பும்போது உட்புறப் பட்டை குறைந்த தூரமும் வெளிப்புறப் பட்டை கூடிய தூரமும் செல்லவேண்டியிருக்க, நாங்களோ இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கி, ஒரே வேகத்தில் சுழலும்படி செய்திருந்தோம். பழைய பொம்மைக் கார் ஒன்றிலிருந்து டிஃபரென்ஷியல் பற்சக்கரத் தொகுதியைக் கழற்றிப் பொருத்திய பிறகுதான் வண்டி வளைந்தது. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவுக்குச் சூத்திரம் கற்ற பிள்ளை, அந்தச் சூத்திரம் தன் கைக்குள் வந்து நின்றதை அன்று கண்டான்.

வர்ணம் பூசுவது இன்னும் நுட்பமான வேலை. உண்மை வண்டிக்குப் பூசிய அதே இராணுவப் பச்சையைச் சிறிய மாதிரிக்குப் பூசினால் கருமை மிகுந்து தோன்றும். ஆதலால் நிறத்தைச் சற்று வெளிறச்செய்ய வேண்டும். பனிக்காலத்து வெள்ளைப் பூச்சுக்கோ, பச்சை காய்ந்ததும் அதன்மேல் தலைமயிருக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை அடித்து, அதன்மேல் வெள்ளை பூசி, ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால், பல மாதம் காற்றிலும் மழையிலும் நின்ற வண்டியைப்போல வெள்ளை ஆங்காங்கே உரிந்து பச்சை தெரியும். துருவை எங்கே தீட்டுவது என்பதற்கு நாங்கள் எந்தப் புத்தகத்தையும் தேடவில்லை. வீதி உப்பு தின்ற கார்களின் சக்கர வளைவுகளை மார்ச் மாதத்தில் எங்கள் தெருவில் பார்த்தாலே போதும்.

உரிந்த வர்ணத்தைத் தீட்ட வேண்டுமானால், எவருடைய பாதம் எங்கே பட்டு அது உரிந்தது என்று நினைத்தாக வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பையன் திடீரென்று, “தாத்தா, இதுக்குக் கூரை இல்லையே? மேலேயிருந்து சுட்டால் உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டான். அந்த வண்டிக்கு உண்மையிலேயே கூரை கிடையாது. பக்கத் தகட்டின் கனமும் கால் அங்குலந்தான். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் அதில் நெருங்கி அமர்ந்து சென்றார்கள். விசையை அழுத்தியதும் மடிந்தவன் மறுபடி எழுந்து ஓடுகிற யுத்த விளையாட்டுக்களைக் கணினியில் நாள்தோறும் ஆட அனுமதிக்கும் நாம், இத்தகைய கேள்வியைப் பிள்ளையின் மனத்தில் எழுப்பும் ஒரு கைவேலையை மட்டும் ஆட்சேபிப்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, இந்த வண்டியின் பிறப்பை அறிந்தவர்களுக்கு அதன்மேல் உள்ள வெறுப்பு ஓரளவு மாறும் என்று நம்புகிறேன். ஹாஃப்-ட்ராக் யுத்தத்துக்காகப் பிறந்ததன்று. ருஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார் கொட்டகையில் பணிபுரிந்த அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், மன்னரின் கார்கள் பனியில் புதையாமல் ஓடுவதற்காகப் பின்சக்கரங்களின் இடத்தில் பட்டைகளை மாட்டினார். பின்னர் சிட்ரோயன் நிறுவனத்தார் அதைச் சஹாராவின் மணலில் ஓட்டினார்கள். அமெரிக்கச் சைன்யத்து எம்-3 அந்த வழியில் வந்ததே.

கியூபெக்கில் அதே எண்ணம் வேறொரு வீட்டில் முளைத்தது. இங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் உள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் 1907-இல் பிறந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, பதினைந்தாம் வயதிலேயே, ஃபோர்டு காரின் எஞ்சினைச் சறுக்குவண்டி ஒன்றில் ஏற்றி, பின்னால் விசிறியைப் பூட்டிப் பனியில் ஓட்டியவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய குழந்தை இவோன் வயிற்று நோயால் துடித்தபோது, பாதைகளெல்லாம் பனியால் மூடிக் கிடந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. முன்பே தொடங்கியிருந்த பிரயத்தனத்தை அவர் அதன்பின் விடவில்லை. பல்சக்கரத்தில் பனி அப்பி உறைந்து பட்டையை நழுவச்செய்வதே பெரிய தொல்லையாக இருந்தது. அந்தப் பல்சக்கரத்துக்கு ரப்பர் போர்த்தி அதை அவர் வென்றார். 1937-இல் காப்புரிமை கிடைத்தது. பின்பு வந்த பி-12 என்னும் வண்டி, முன்னால் சறுக்குப் பலகைகளும், பின்னால் பட்டைகளும், வட்டச் சன்னல்கள் வைத்த ஒட்டுப்பலகைக் கூடும் கொண்டு, வைத்தியரையும் தபாலையும் நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் பனிவெளியில் சுமந்து சென்றது.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் கனேடியச் சைன்யம் அவரிடம் வந்தது. பி-12-ஐத் தழுவிப் படைவண்டிகள் எழுந்தன. கவசம் பூட்டிய பனிவண்டிகள் இதே மொன்றியலில் ஃபாரான் ஏ டெலோர்ம் தொழிற்சாலையில் உருவாயின. ரோஸ்மோன் பகுதியில் ரயில் எஞ்சின் செய்த ஆங்கஸ் பட்டறையிலும் அக்காலத்தில் வாலன்டைன் டாங்கிகள் செய்யப்பட்டு, பெரும்பாலும் ருஷ்யாவுக்குக் கப்பலேறின. இன்று அந்தப் பட்டறைக் கட்டடத்தின் ஒரு பகுதியில் அரிசியும் பாலும் வாங்குகிறோம்.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது, அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?” இரண்டு என்றேன்.

ஆயினும் எனக்குச் சில வரம்புகள் உண்டு. நம் ஊர்களில் நடமாடிய எந்தச் சேனையின் சின்னத்தையும் எங்கள் மேசையில் தீட்ட விடமாட்டேன். வீட்டில் ஒருவருக்கு அதைக் கண்டாலே நெஞ்சு படபடக்குமானால், அந்த மாதிரியை எடுத்து மறைவாக வைப்பதே மரியாதை. ஆனால் பிள்ளையின் கையிலிருந்து அரத்தையும் தூரிகையையும் பறிக்க வேண்டாமென்று பெற்றோரை வேண்டுகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே கால்வைக்க இயலாத இந்த நாட்டில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபங்களில் ஒரு மூலையில் நீண்ட மேசை ஒன்றும், சில திருப்புளிகளும், பற்றுப்பிடிக்கும் இரும்பும், மேற்பார்க்க ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கும் இருந்தால், எத்தனை பிள்ளைகள் அங்கே யந்திரத்தின் மொழியையும் தங்கள் மொழியையும் ஒருங்கே கற்பார்கள்! மெக்கானிக்குகளுக்கு நம்மவரிடையே பஞ்சமில்லை. அவர்களை அழைப்பார் இல்லாததே குறை. வால்கூரில் பொம்பார்டியேயின் பட்டறை அருங்காட்சியகமாகப் பேணப்பட்டு வருகிறது. கோடையில் நம்மவர் பூங்காவுக்குச் செல்லும் பஸ்ஸை ஒரு நாள் அந்தப் பக்கம் திருப்பலாம்.

இந்தக் குளிர்காலத்துக்கு நாங்கள் பி-12-ஐத் தொடங்கிவிட்டோம். மூலவண்டிக்கு ஒட்டுப்பலகை, எங்கள் வண்டிக்கும் அதுவே. வட்டச் சன்னல்களின் விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மெருகேற்றும் வேலையை அக்கா தாமே எடுத்துக்கொண்டிருக்கிறார். சென்ற வாரப் பனியில் ஓடவிட்டபோது பல்சக்கரத்தில் பனி அப்பிப் பட்டை இருமுறை கழன்றுவிட்டது. பையன் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் பற்களின்மேல் போர்த்தி ஒட்டியிருக்கிறான். பசை காய்ந்துவிட்டது, வியாழக்கிழமை பனி பெய்யும் என்கிறார்கள்.