எந்த ஊருன்னு எழுதட்டும்?

சொந்த ஊர், சொந்த மண், வேர், மண்வாசனை. இந்தச் சொற்களை வைத்துப் பிழைக்காத தமிழ் எழுத்தாளர் குறைவு. பட்டணத்தில் வேலை, பட்டணத்தில் வீடு, ஆனால் மனசு மட்டும் ஆலமரத்தடியிலும் குளத்தங்கரையிலும் கிடக்கிறதாம். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் போதும், நாற்பது பக்கம் உருகிவிடுவார்கள். அந்த நாற்பது பக்கத்தில் சேரி எங்கே வருகிறதென்று தேடிப் பாருங்கள். வந்தால், 'எங்க வீட்டுல வேலை பார்த்தவன்' என்று ஒரு வரியில் வரும். அவன் பேருகூட இருக்காது.

நாங்களும் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். போன ஆனி மாசம், குடும்பத்தோடு, புனலூரிலிருந்து புளியறைக்கு. பெரியப்பா பேரனுக்குக் கல்யாணம். இதை எழுதுவது உருகுவதற்காக அல்ல.

புளியறை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கணவாய்க்குக் கீழே இருக்கிற தமிழ்நாட்டுக் கடைசி ஊர். அதைத் தாண்டினால் மலை ஏற்றம், கேரளம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் காரை நிறுத்தி இந்த வயல்களைப் படம் எடுக்கிறார்கள். முன்னால் வயல், பின்னால் மலை, நடுவில் சாரல். பார்க்க நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. அந்த வயலில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நட்டார்கள், அறுத்தார்கள், சூடடித்தார்கள். எங்கள் பேரில் ஒரு செண்டுகூட இல்லை. பச்சையைப் படம் எடுக்கிறவன் பட்டா யார் பேரில் என்று கேட்பானா?

எங்க தாத்தா 1962இல் ஊரை விட்டார். பஞ்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆச்சி வேறு கதை சொல்லுவாள். கூலி கூடக் கேட்ட வருசம் அது. கேட்டவனுக்கு மறுநாளிலிருந்து எந்த வயலிலும் வேலை இல்லை. மலையேறி ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பா அங்கே பிறந்தவர். நான் அங்கே பிறந்தவள். தமிழ் எம்.ஏ. படித்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவது புளியறைத் தமிழ், தெருவில் மலையாளம்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற தம்பி கேட்டான்: "அக்கா, எந்த ஊருன்னு எழுதட்டும்?" புளியறையா, புனலூரா? அப்பா, "புளியறை, இருப்பு புனலூர்னு போடுப்பா" என்றார். அவனும் அப்படியே எழுதினான். ஒரு நிமிசத்தில் முடிந்தது. இதே கேள்வியை அரசாங்கம் எங்களிடம் நாற்பது வருசமாகக் கேட்கிறது. இன்னும் முடியவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டம் 341ஆம் பிரிவின்படி, 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. எந்தெந்தச் சாதி பட்டியல் சாதி என்று மாநிலம் மாநிலமாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அந்த ஆணை வந்த அன்றைக்கு நீயோ உன் அப்பன் பாட்டனோ நிரந்தரமாக எங்கே குடியிருந்தீர்களோ அந்த மாநிலத்தில்தான் நீ பட்டியல் சாதி. வேறு மாநிலத்துக்குப் பிழைக்கப் போனால், அங்கேயும் உன் சாதிப் பேர் பட்டியலில் இருந்தாலும், நீ அந்த மாநிலத்துப் பட்டியல் சாதி இல்லை. ஆந்திராவிலிருந்து மகாராஷ்டிரத்துக்குப் போன ஒரு மாணவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. 2018இல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து மறுபடியும் அதையே சொன்னார்கள்.

தமிழ்நாட்டுப் பட்டியலிலும் பள்ளர், பறையர் உண்டு. கேரளப் பட்டியலிலும் உண்டு. ரெண்டு பட்டியலிலும் சாதிப் பேரு இருக்கு, நடுவில் நிற்கிற மனுசனுக்குத்தான் இடமில்லை.

இங்கேதான் புளியறைக்காரர்கள் கதை தனிக்கதையாகிறது. 1950 ஆகஸ்ட் 10இல் புளியறை எந்த மாநிலத்தில் இருந்தது? சென்னை மாகாணத்தில் இல்லை. செங்கோட்டைத் தாலுகா அன்று திருவிதாங்கூர் கொச்சி மாநிலம், கொல்லம் மாவட்டம். ஆரியங்காவும் அதே மாநிலம், புனலூரும் அதே மாநிலம். 1956 நவம்பர் 1இல் மொழிவழியாக மாநிலம் பிரித்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்து திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. கன்னியாகுமரியோடு சேர்த்து இதைத் தமிழர் வெற்றி என்று கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும். எங்க தாத்தா 1950இல் இருந்த மாநிலத்துக்குள்ளேயேதான் 1962இல் மலையேறினார். அவர் எல்லையைத் தாண்டவில்லை. எல்லைதான் அவரைத் தாண்டிக் குறுக்கே விழுந்தது.

இதை ஒரு அலுவலகத்தில் சொன்னேன். (எந்த அலுவலகம், எந்தப் பக்கம் என்பது இங்கே வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே நாற்காலிதான்.) "1950க்கு முந்தின ரெக்கார்டு கொண்டாங்க" என்றார்கள். என்ன ரெக்கார்டு? பட்டா, பத்திரம், வீட்டு வரி ரசீது, பள்ளிக்கூடச் சான்று. நிலம் இருந்தால் பட்டா இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தால் சான்று இருக்கும். நிலமும் படிப்பும் மறுக்கப்பட்டவன் என்பதற்காகத்தான் பட்டியலே போட்டது. அந்தப் பட்டியலில் சேர நிலமும் படிப்பும் இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். இது அறியாமை என்று நான் நம்பவில்லை.

இந்தப் பக்கத்து அலுவலகத்தில் "அப்பா சாதிச் சான்று காட்டுங்க, தரோம்" என்றார்கள். அப்பா பிறந்தது, ரப்பர் வெட்டினது எல்லாம் அந்தப் பக்கம். அவர் சான்றிதழே வாங்கியதில்லை. ரப்பர் வெட்ட யாரும் சாதிச் சான்று கேட்பதில்லை. சாதி மட்டும் கேட்பார்கள்.

கல்யாணத்துக்குப் போன இடத்தில் பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய மொய் நோட்டு இறங்கியது. எங்க தாத்தாவின் அக்கா கல்யாணத்தில் எழுதியது. மிசன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். தொகை சக்கரத்தில் இருக்கிறது. நாலு சக்கரம், எட்டு சக்கரம், ஒருத்தர் மட்டும் அரை ரூபாய். இருபத்தெட்டு சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1949க்கு மேல் அந்தக் காசு செல்லாது. சக்கரத்தில் மொய் எழுதின நோட்டு எந்தக் காலத்தது என்று எந்தச் சரித்திரப் பேராசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அதில் எங்க பூட்டன் பேரும் தெருவும் இருக்கு. நமக்கு வேறு எந்தப் பதிவேட்டில் அப்பன் பேரு மரியாதையாக எழுதப்பட்டிருக்கிறது?

அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதெல்லாம் டாக்குமெண்டா?" என்று சிரித்தார் ஒருவர்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் பார்க்கலாம். வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கொடுத்தால் உள்ளூர் தலித்தின் பங்கு குறையும் என்கிறார்கள். நீதிமன்றம் மட்டுமல்ல, கேரளத்து தலித் தோழர்களும் சொல்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. நிலச்சீர்திருத்தத்தில் குடியிருப்பு மனையோடு நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். 2007இல் செங்கரா தோட்டத்தில் குடிசை போட்டு உட்கார்ந்தது அதனால்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் எங்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை. சாதிப் பேரைச் சொன்னால், அது அந்த மாநிலப் பட்டியலில் இருந்தால், பட்டியல் சாதி என்று குறித்துக்கொண்டு போகிறார். அந்தக் கணக்கை வைத்துத்தான் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தனித்தொகுதி எண்ணிக்கை தீர்மானமாகிறது. எங்கள் தலையை எண்ணிக்கொள்வீர்கள். அந்தத் தலைக்கு உரிய பங்கைக் கேட்டால் நீ இந்த ஊர்க்காரி இல்லை என்பீர்கள். அப்போ பங்கைத் தின்கிறது யாரு?

சோதனைச் சாவடியில் நின்று பாருங்கள். கல்லும் மணலும் லாரி லாரியாக மலையேறுகின்றன. வைக்கோல் போகிறது, காய்கறி போகிறது. 1904இல் போட்ட ரயில் பாதை, மீட்டர்கேஜ் வண்டி 2010இல் நின்று, அகலப்பாதையாகி 2018இல் மறுபடி ஓடுகிறது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. சாதியும் டிக்கெட் இல்லாமல் அதே வண்டியில் போகிறது. புனலூரில் தமிழர் கடையில் டீ குடிக்கப் போனாலும் "தமிழ்நாட்டுல எங்க? எந்தத் தெரு?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். சான்றிதழை மட்டும் புளியறையில் இறக்கிவிடுகிறார்கள்.

மலையைத் தாண்டினால் மட்டுமா போகும்? மதத்தைத் தாண்டினாலும் போகும். புளியறையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பண்பொழிக்குப் பக்கம் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19இல் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போன ஊர். ஆதிக்க சாதியின் கொடுமையும் போலீஸ் அடியும் தாங்காமல் போனார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத டில்லித் தலைவர்கள் எல்லாம் வரிசையாக வந்து, அரபுப் பணம் வந்ததா என்று விசாரித்தார்கள். இரட்டைத் தம்ளரை ஒருவரும் விசாரிக்கவில்லை. அதே 1950 ஆணையில் மூன்றாவது பத்தி இருக்கிறது. இந்து தவிர வேறு மதத்தவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவனும் வெளியே.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறந்த சேரியிலேயே, பிறந்த மதத்திலேயே கிட என்கிறது சட்டம். அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின் குழி என்று கண்டித்தார். அந்தக் குழியிலிருந்து ஏறினவன் காலைத்தான் இந்த ஆணை பிடித்து இழுக்கிறது. ஊரில் கிடந்தால் அடி, ஊரை விட்டால் சலுகை இல்லை.

ஊர் மாறிவிட்டதே, இப்போ யார் அப்படி எல்லாம் என்பவர்களுக்கு, கல்யாணத்தில் நடந்ததையே சொல்கிறேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வேன் பிடித்து, செண்டைமேளம் வைத்திருந்தோம். நேர்வழியில் போனால் அஞ்சு நிமிசம். எங்க பெரியவர்கள் வேனைச் சுற்றுவழியில் திருப்பச் சொன்னார்கள். ஏன் என்றதற்கு, "அந்தப் பக்கம் ரோடு சரியில்ல தாயி" என்றார் ஒரு தாத்தா. மறுநாள் காலையில் நான் அந்த ரோட்டில் நடந்து போய்ப் பார்த்தேன். புதுசாகத் தார் போட்டிருந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையே இல்லாதபடி அந்தத் தாத்தா உடம்புக்குள் ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26இல் அமலுக்கு வந்தது. பொது இடத்தில் செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து, புதுச்சட்டை போட உரிமை உண்டு என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது. மண்வாசனைக்காரர்கள் இதையும் கொஞ்சம் முகர்ந்து பார்க்கலாம்.

ஆச்சியிடம் "உனக்கு எது ஆச்சி சொந்த ஊரு?" என்று ஒருமுறை கேட்டேன். "பொம்பளைக்கு ஏதுட்டி ஊரு? அப்பன் வீட்டுல இருந்தா அவன் ஊரு, கட்டிக்கிட்டுப் போனா புருசன் ஊரு. எனக்கு இருக்கது சொந்தக்காரவுகதான்" என்றாள். நாங்கள் கல்யாணத்துக்குப் போனது சொந்தக்காரர்களிடம். பெரியம்மை கையால் சோறு தின்ன, மதினிமாரைக் கேலி பண்ண, மொய் செய்ய. அது எங்களுக்கு வேண்டும். ஊர் என்ற பேரில் அரசாங்கம் மாட்டியிருக்கிற கயிறு வேண்டாம். பட்டியலில் பேர் உள்ள சாதிக்காரர் எந்த மாநிலத்தில் பிழைத்தாலும் அங்கே பட்டியல் சாதிதான் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்யட்டும். அதுவரைக்கும், 1950இல் ஒரே மாநிலமாக இருந்து 1956இல் வெட்டுப்பட்ட செங்கோட்டை, கன்னியாகுமரிக்காரர்களுக்காவது ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி வழி செய்யட்டும்.

புனலூர், தென்மலை, ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கம் இருக்கிற நம்மாட்களுக்கு ஒரு வேலை. புளியறை, செங்கோட்டை, பண்பொழிப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போகும்போது பரணைத் தேடச் சொல்லுங்கள். பழைய மொய் நோட்டு, ரேசன் கார்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, வேதக்கோயில் ஞானஸ்நானச் சீட்டு, எதுவானாலும் எறியவேண்டாம். படி எடுத்து வையுங்கள். சக்கரத்தில் எழுதின நோட்டு கிடைத்தால் கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, பத்திரமாகக் கொண்டாங்க. எங்கள் கையில் இப்போது இருப்பது ஒன்று. நூறு சேர்ந்தால் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போவோம்.