சிகாமட் நில நடுக்கம்: ஆட்டத்தைக் கணினி அடக்கிவிடுமா?

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை 6.13 மணி. ஜொகூர் மாநிலம் சிகாமட் அருகே, 10 கிலோமீட்டர் ஆழத்தில் 4.1 அளவு நில நடுக்கம். அண்டை மாநிலங்களிலும் அதிர்வு உணரப்பட்டது. அடுத்த சில நாள்களிலும் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. ‘நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது’ என்ற பேச்சு அதோடு போச்சு.

அப்படியானால், ஜப்பானைப் போல ஆட்டத்தைத் தானே அடக்கும் கட்டடங்களை இங்கும் கட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம்.

அது எப்படி வேலை செய்கிறது?

தோக்கியோவில் 1989இல் கட்டப்பட்ட 11 மாடிக் கட்டடம் இதற்கு முன்னோடி. உணரிகள் ஆட்டத்தை அளக்கும். கணினி கணக்குப் போடும். உச்சியில் இருக்கும் கனமான எடையை இயந்திரம் எதிர்த்திசையில் தள்ளும். பொறியாளர்கள் இதை ‘ஆக்டிவ் கன்ட்ரோல்’ என்கிறார்கள்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் எதிர்த்துத் தள்ளினால் நிற்கும். கொஞ்சம் தாமதித்தால் அதே கை இன்னும் வேகமாக ஆட்டிவிடும். கட்டடத்தின் எடை, விறைப்பு இவ்வளவு என்று நம்பித்தான் கணினி கணக்குப் போடுகிறது. விரிசல் விழுந்தாலே அந்தக் கணக்கு மாறிப்போகும். ஆகவே, கணிப்பு முன்னே பின்னே இருந்தாலும் கெடுதல் செய்யாத அளவுக்கு, தள்ளும் வேகத்தை அடக்கி வைக்கிறார்கள். அப்போது பலனும் குறையும். பெரிய நில நடுக்கத்தில் முதலில் போவது மின்சாரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜொகூருக்கு இரண்டு வகை ஆபத்து

சிகாமட் போன்ற அருகிலுள்ள நடுக்கம் வேகமானது, குறுகியது. தாழ்வான வீடுகளைத்தான் அதிகம் உலுக்கும். சுமத்ராவில் வரும் பெரிய நடுக்கமோ மெதுவாக, நீண்ட நேரம் ஆட்டும். ஜொகூர் பாருவின் உயர்ந்த கொண்டோக்களுக்கு அதுதான் கவலை. 2025 மார்ச் 28இல் மியன்மார் நடுக்கத்தால், 1,000 கிலோமீட்டர் தொலைவில் பேங்காக்கில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி சரிந்ததே!

மின்சாரம் வேண்டாத வழி

நம் தோட்டங்களில் சீவிய ரப்பருக்கு இதில் ஒரு கதை உண்டு. 1985இல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல் எழுப்பப்பட்டது. அந்த ரப்பரை உருவாக்கியது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம். 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலத்திலும் ரப்பர் தாங்கிகள் இருக்கின்றன. கணினியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆனால் இதுவும் சர்வரோக நிவாரணி இல்லை: மருத்துவமனை, பள்ளி போன்ற தாழ்வான கட்டடங்களுக்கே இது நன்றாகப் பொருந்தும். உயரமான கோபுரங்களுக்கு, ஆட்டத்தை உறிஞ்சும் தணிப்பான்கள்தான் சரி.

நீங்கள் குடியிருக்கும் கட்டடம்?

நில நடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான மலேசியத் தேசிய இணைப்பு 2017இல்தான் வெளியானது. அதற்கு முந்தைய கட்டடங்களில் பெரும்பாலானவை அதை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. அதனால் ஜொகூரில் முதல் செலவு கணினிக்கு அல்ல, பழைய தூண்களைச் சோதித்து வலுப்படுத்துவதற்கே. உங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கட்டடம் எந்த ஆண்டு வடிவமைக்கப்பட்டது? கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் விட்டு, தூண்கள் மட்டும் நிற்கின்றனவா? அப்படியென்றால் பொறியாளர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.